சாம்பல் ராஜாவுக்கு இரங்கற் கூட்டம்

"செத்துட்டாருய்யா! எத்தனை தடவை சொல்றது, செத்தே போய்ட்டாரு!"

"சாகல்ல! படுத்துத்தான் ஈக்கிறார். கண்ண மூடினா மவுத்தாப் போனதா அர்த்தமா?"

"மூச்சு இல்லையே! கடைசி வரைக்கும் காத வச்சிக் கேட்டேன். மூச்சுச் சத்தமே இல்ல!"

"நீங்க கேட்டது அந்த ஓட்டை ஸ்பீக்கர்ல!"

மாடிப்படியில் பாதி ஏறியிருந்த சந்திரகாந்தா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கையில் சோற்றுப் பார்சல். பொலிஸில் வாங்க மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்த பார்சல் அது. முந்தின நாள் சாயந்தரம் அவளுடைய தம்பி இருளாண்டியைச் செக்பொயின்ட்டில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மேலேயிருந்து செத்துட்டார், மூச்சில்லை என்று பத்துப் பேர் கத்தினால் ஒருத்தி என்ன நினைப்பாள்? அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது ஒப்பாரியாகத் திரள்வதற்குள் செயலாளர் யஹ்யா படி முகப்புக்கு ஓடிவந்தான்.

"ஐயோ அக்கா, உங்கட தம்பியப் பத்தி இல்ல. ராஜாவப் பத்திப் பேசிட்டிருக்கிறம்."

"எந்த ராஜா?"

"சாம்பல் ராஜா."

"அப்ப என் தம்பி உசுரோட இருக்கானா?"

"அது எங்களுக்குத் தெரியாதே" என்றான் யஹ்யா, ஒரு செயலாளருக்கு இருக்கவேண்டிய நேர்மையோடு.

ராஜா யார் என்று தெரியாதவர்களும் உலகத்தில் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லவேண்டும். அது ஒரு கம்பியூட்டர் விளையாட்டு. எங்கேயோ ஒரு குளிர்நாட்டுக் கம்பனி பத்து வருஷமாகப் பாகம் பாகமாக விட்டுக்கொண்டிருந்தது. சாம்பல் மூடிய ஒரு தேசம். செத்தும் சாகாத ஒரு ராஜா. தொலைந்துபோன தன் மகுடத்தைத் தேடி அவர் நடக்கிறார். வழியெல்லாம் எலும்பு, சீழ், தலையில்லாத குதிரைகள். ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் மகுடம் கிடைத்துவிடும். அடுத்த பாகம் தொடங்கும்போது திரும்பவும் தொலைந்திருக்கும். "இவ்வளவு கவனமில்லாத ஆளை நம்பி யாருடா ஒரு நாட்டக் குடுத்தது?" என்று சந்திரகாந்தா ஒருதரம் தம்பியிடம் கேட்டாள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

விளையாடுகிறவர்கள் விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? நம் பக்கத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. மூன்று பேர் ஒரே திசையைப் பார்த்து நின்றால் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், மிச்சமிருப்பவர் பொருளாளர். அலுவிகாரையில் லாபிர் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் அவருடைய மகள் ஸக்கியா கம்பியூட்டர்களைப் போட்டு ஒரு கேம் சென்டர் நடத்திவந்தாள். அங்கே பிறந்ததுதான் மாத்தளை மாவட்ட சாம்பல் மகுட ரசிகர் பேரவை. விளையாட்டின் பெயரைத் தமிழில் வைப்பதற்கே ஒரு வருஷம் பிடித்ததாம். 'நீற்று முடி' என்று சொன்ன அணியினர் பிரிந்துபோய், பலாபத்வலயில் தனியாக ஒரு சங்கம் வைத்தார்கள். இரண்டு தரப்பும் இன்றுவரை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதில்லை.

தலைவர் சுந்தரலிங்கம் ஒரு கந்தோரில் கிளார்க். வயது நாற்பதுக்குக் கிட்ட. கந்தோரில் வாயைத் திறக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. அங்கே மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் பேரவையில் இறக்கிவைப்பார். காப்பாளர், ஹாஜியார். அவர் அந்த விளையாட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. விளையாட்டுக் கழகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் ஒரு வொலிபோல் வாங்கிக் கொடுப்பார். வாங்கிய பந்துகள் உறை கிழிக்காமல் அலுமாரிக்கு மேலே வரிசையாக இருந்தன.

பேரவைக்கு விதிகள் உண்டு. அவற்றில் முக்கியமானது, புதிய பாகம் வந்தால் எந்த உறுப்பினரும் தன்னிச்சையாக அபிப்பிராயம் கொள்ளக்கூடாது என்பது. எதிர்வினைக் குழு என்று ஒன்று கூடி, இந்தப் பாகத்துக்கு ஆத்திரப்பட வேண்டுமா, மெய்சிலிர்க்க வேண்டுமா என்று முடிவெடுக்கும். அதற்குமுன் சிரித்தவர்கள், கண் கலங்கியவர்கள் எல்லோரும் விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும். நான்காம் பாகத்தில் ராஜாவின் நாய் செத்தபோது கொட்டாவி விட்ட ஒரு தம்பியை மூன்று மாதத்துக்கு இடைநிறுத்தினார்கள். அவன் ராத்திரி வேலைக்குப் போகிறவன். அது தணிக்கும் காரணமாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம், அதற்குப் பிளாஸ்டிக் மாலை. ஐந்தாம் பாகத்தைக் கண்டித்துக் கம்பனிக்கு ஈமெயில் அனுப்பியபோது, அனுப்பிய மறுநொடியே வந்த பதில் அது. உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி, இதற்குப் பதில் எழுதவேண்டாம் என்று இருந்தது. "மறுநொடியே! எவ்வளவு பதறியிருப்பார்கள்!" என்று தலைவர் புதியவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஏழில், ஆறாம் பாகம் வந்தது. அதன் கடைசியில் ராஜா தன் மகுடத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். திரை இருண்டுவிடுகிறது. அவ்வளவுதான். எதிர்வினைக் குழு மூன்று இரவு கூடி, ராஜா இறந்துவிட்டார், கம்பனி அவரைக் கொன்றுவிட்டது, ஆகவே ஆத்திரப்பட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இரங்கல், கண்டனம், கண்காட்சி மூன்றும் சேர்ந்த மாபெரும் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். கண்காட்சிக்கு ராஜாவின் கரிக்கோட்டையைப் படமாகக் கீறித் தரும் பொறுப்பு இருளாண்டிக்கு. அவன் போர்டு எழுதுகிற கடையில் வேலை செய்பவன், கை சுத்தம். "பெயரிலேயே இருளை வைத்திருக்கிறவன், பிறவி ரசிகன்" என்று தலைவர் அவன் முதுகில் தட்டியிருந்தார்.

அவன் மூன்று பழைய கலண்டர்களை ஒட்டி, பின்பக்கத்தில் கோட்டையைக் கீறினான். தலைவர் ஃபோனில் சொல்லச் சொல்லக் குறிப்புகளையும் எழுதினான். 'காவல் நாலு பேர், இரவில் இரண்டு.' 'இங்கே தீ வைத்தால் கதவு விழும்.' 'தலைவனை மறைக்கும் சுரங்கம்.' எல்லாம் அழகான, கொட்டை கொட்டையான தமிழ் எழுத்தில். அதைச் சுருட்டிக் கமுக்கட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினான். வடக்கில் யுத்தம் நடந்த அந்த வருஷத்தில், அந்த றோட்டில், அந்தப் படத்தோடு.

செக்பொயின்ட்டில் விரித்துப் பார்த்தார்கள். "கேம் எகக் சேர், கேம் எகக்" என்று சிங்களத்தில் அழாத குறையாகச் சொன்னானாம். விளையாட்டுத்தான் என்று அவர்களும் பாதி நம்பினார்களாம். இந்தக் கோட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சும்மா ஒரு கேள்வி கேட்டார்கள். உண்மை ரசிகன் பொய் சொல்வானா? "வடக்கே சேர்" என்றான்.

இதையெல்லாம் பஸ்ஸில் வந்த ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் சந்திரகாந்தாவுக்குத் தெரியும். பலாபத்வலயில் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவா எண்ணெய் விற்கிற ஸ்பைஸ் கார்டனில் வேலை செய்கிறவள் அவள். தோட்டத்து லயத்தில் அப்பா அம்மா போனபிறகு, ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தம்பியை வளர்த்தவள். காலையில் பொலிஸுக்குப் போய் வாசலிலேயே நின்றாள். கடைசியில் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. வெளியே வந்தார். "விளையாட்டுன்னு சொல்றான். அப்படின்னா தெரிஞ்ச நாலு பேரக் கூட்டிட்டு வந்து அந்த விளையாட்டக் காட்டு. நாளைக்குப் பகல் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குப் பிறகு ஃபைல் கொழும்புக்குப் போயிரும். போனா என் கையில இல்ல" என்றார்.

தெரிந்த நாலு பேர்! மேல்மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "ஒரு டிஸ்க்க எடுத்துக்கிட்டு என்கூட வாங்க தலைவரே. போட்டுக் காட்டிட்டா விட்டுருவாங்க. உங்களுக்காகத்தானே கீறினான்."

தலைவர் கண்ணை மூடி, திறந்தார். "சகோதரி, தங்கள் துயரில் பேரவை பங்குகொள்கிறது. ஆனால் இவ்விடயம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. நிரலின் இறுதியில் 'ஏனையவை' என்று ஓர் அம்சம் உண்டு. அப்போது தங்களை அழைப்போம். அமருங்கள்."

"பொலிஸுக்குப் போகணும்ங்கிறேன், நெரலுங்கிறீங்களே?"

"ஒழுங்கு இல்லாமல் எது உண்டு, சகோதரி? ராஜாவின் தேசம் ஏன் சாம்பலாயிற்று? ஒழுங்கு போனதால்."

நாற்பது தலைகள் ஆமென்று ஆடின. சந்திரகாந்தா ஒரு வொலிபோலுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு திரிக்கும் ஒவ்வொருவர், ஒவ்வொருவருக்கும் அறிமுகம். பிறகு ராஜாவின் படத்துக்கு மாலை. மண்டையோட்டு முகத்துக்குக் குங்குமம் வைப்பதா என்று சிறு விவாதம் நடந்து, முஸ்லிம் உறுப்பினர்களின் உணர்வைக் கருதிச் சந்தனத்தோடு நிறுத்தினார்கள். அடுத்தது இரண்டு நிமிட மௌனம். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். சந்திரகாந்தாவும் எழுந்தாள், எழாவிட்டால் 'ஏனையவை'யில் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று பயம்.

அந்த நேரம் பார்த்துக் கீழே றோட்டில் பறை கேட்டது. பட்டாளத்துக்குப் போன பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பையன் ஒருவனைப் பெட்டியில் கொண்டுபோகிறார்கள். பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்களாம். அவனுடைய தாய் எழுப்பிய சத்தம் மாடிவரைக்கும் வந்தது. ஸக்கியா ஜன்னலுக்குப் போய் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஜன்னலைச் சாத்துங்கள்" என்றார் தலைவர், குனிந்த தலையை நிமிர்த்தாமல். "மௌனம் கலைகிறது."

சாத்தினார்கள். குறைந்துபோன மௌனத்தை ஈடுசெய்ய இன்னொரு நிமிடம் நின்றார்கள்.

பிறகு பேச்சு. தலைவர் தாளைப் பார்க்காமலே பேசினார். "நண்பர்களே! இந்த நாட்டில் இன்று என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். தெரிந்துதான் வருந்தாமல் இருக்கிறோம். ஏனென்றால் வருத்தம் என்பது அளவோடு உள்ள பொருள். கண்ட இடத்தில் செலவழித்தால், வேண்டிய இடத்தில் இராது. நம் வருத்தத்தைப் பத்து வருடமாகச் சேமித்தோம். இன்று ராஜாவுக்காக முழுவதையும் செலவிடுகிறோம்!" கைதட்டல். இரண்டு பேர் அழுதார்கள். குழு அனுமதித்த அழுகைதான். சந்திரகாந்தா அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'படுத்திருக்கிறார்' என்று சொல்லிவந்த யஹ்யா, செயலாளர் என்ற முறையில் கை தூக்கினான். தீர்மானத்தின் இரண்டாம் பிரிவு: உறுப்பினர் கையில் உள்ள ஆறு பாகங்களின் பிரதிகள் அனைத்தும் பகிரங்கமாக எரிக்கப்படும், கம்பியூட்டர்களிலிருந்தும் அவை துடைக்கப்படும்.

"எரிக்கிறதா?" சந்திரகாந்தா எழுந்துவிட்டாள். "அதத்தானே பொலிஸுல காட்டச் சொல்றாங்க! ஒண்ணே ஒண்ணக் குடுங்க. காட்டிட்டுக் கொண்டாந்து தாரேன். அப்புறம் எரிங்க, கொளுத்துங்க, கரைச்சுக் குடிங்க!"

"தீர்மானம் 'அனைத்தும்' என்கிறது. ஒன்று குறைந்தாலும் அது அனைத்தும் ஆகாது."

"ஒரு மிஷின்லயாவது அழிக்காம உடுங்களேன் சேர்" என்றாள் ஸக்கியா. "காலைல நானே த்ரீவீல்ல ஏத்தி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறன். மிஷின் எங்கட தானே?"

"தங்கச்சி, தாங்கள் உறுப்பினர் அல்ல. மகளிர் அணி இன்னும் அமைக்கப்படவில்லை. அமைத்ததும் தங்கள் ஆலோசனையைக் கேட்போம்."

கடைக்குப் பின்னால், வெற்றுப் பெயின்ட் வாளியில் டிஸ்க்குகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். "பாத்து, பாத்து, பக்கத்துல தின்னர் டின் ஈக்கி" என்று ஹாஜியார் கத்திக்கொண்டே சுற்றினார். வொலிபோல் கழகத்தில் இது என்ன சடங்கு என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. காப்பாளர்கள் கேட்கக்கூடாது என்று நினைத்திருக்கலாம். சந்திரகாந்தா வாளிக்குள் கையை விட்டாள். இருவர் பிடித்து இழுத்தார்கள். கையில் வந்தது உருகி ஒட்டிய ஒரு கறுப்புக் கட்டி. மேலே யஹ்யா ஒவ்வொரு கம்பியூட்டராக உட்கார்ந்து அழித்தான். கடைசிக் கம்பியூட்டரில் கையை ஒருதரம் பின்னுக்கு எடுத்ததை ஸக்கியா பார்த்தாள். பிறகு அதே கையால் அழித்ததையும் பார்த்தாள்.

'ஏனையவை'யில் அவளைக் கூப்பிட்டார்கள். மூவர் கொண்ட தூதுக்குழு மறுநாள் பொலிஸுக்குச் செல்வதென்று முடிவாயிற்று. தலைவர், செயலாளர், காப்பாளர். நன்றியுரையில் அவளுடைய பொறுமைக்கும் நன்றி சொன்னார்கள்.

மறுநாள் தலைவர் கோட் போட்டுக்கொண்டு வந்தார். ஓ.ஐ.சி. மேசைமேல் கலண்டர் படத்தை விரித்து, நாலு மூலையிலும் நாலு கோப்பையை வைத்திருந்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான். ராத்திரி தூங்காத கண். கெட்ட மனுஷன் என்றும் சொல்லமுடியாது. ஃபைல் ஒன்று குறைந்தால் போதும் என்றிருந்தவர்.

"விளையாட்டக் கொண்டு வந்தீங்களா?"

"எரித்துவிட்டோம்" என்றார் தலைவர்.

ஓ.ஐ.சி. கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தார். "ஏன்?"

"கண்டனமாக."

"யாரைக் கண்டிச்சு?"

"கம்பனியை. ராஜாவைக் கொன்றதற்காக."

ஓ.ஐ.சி. முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளிவைத்தார். "சரி. ஹாஜியாரை எனக்குத் தெரியும். இந்தப் படம் உங்க விளையாட்டுல வர்ற படம்னு எழுதி மூணு பேரும் கையெழுத்து வைங்க. பையனக் கூட்டிட்டுப் போங்க. எனக்கும் வேலை இருக்கு."

அவ்வளவுதான். சந்திரகாந்தா வாசல் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹாஜியார் உடனே பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அவர் எதிலும் கையெழுத்து வைப்பார். யஹ்யாவும் வைத்தான். தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் குனிந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இதில் நான் ஒப்பமிட முடியாது."

"என்னது?"

"வடக்கு வாசல் தவறான இடத்தில் இருக்கிறது. கொத்தளத்துக்கு இடப்புறம் அல்லவா வரவேண்டும்? பத்து வருட ரசிகன் நான். இது எங்கள் கோட்டை என்று எழுதிக் கொடுத்தால் நாளை பலாபத்வலக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்."

"தலைவர், மூணாம் பாகத்துல வலப்பக்கம்தான்!" என்றான் யஹ்யா.

"மூன்றாம் பாகத்தில் கோட்டை எரிந்து திரும்பக் கட்டப்பட்டது. படிக்காமல் பேசாதே."

"அந்தச் சுரங்கம் சரியாத்தானே ஈக்கி? அது பழைய கோட்டையில இல்லையே!"

"சுரங்கமும் தவறு! அதில் இவ்வளவு பேர் ஒளிய முடியாது!"

தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் ஓ.ஐ.சி.யின் காதில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓ.ஐ.சி. நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் போய்விட்டது.

"இது உங்க கோட்டை இல்லைன்னு சொல்றீங்க."

"நிச்சயமாக இல்லை" என்றார் தலைவர்.

"அப்ப யாரோட கோட்டை?"

அந்த அறையில் அப்போதுதான் முதல்தடவையாக உண்மையான மௌனம் நிலவியது. கோட்டுக்குள் தலைவர் சின்னதாகிப்போனார்.

"அந்த ராஜா இப்ப எங்க?" என்று கேட்டார் ஓ.ஐ.சி.

"செத்துட்டார்" என்றார் தலைவர்.

"படுத்திருக்கிறார்" என்றான் யஹ்யா, அதே நேரத்தில்.

"எங்க படுத்திருக்கிறார்?"

வளர்ந்த ஆம்பிளைகள் விளையாட்டுக்காக இப்படிச் சண்டை பிடிப்பார்கள் என்று எந்த ஓ.ஐ.சி. நம்புவார்? இவர்கள் இரண்டு பேரையும் உள்ளே வை என்றார். உள்ளே தம்பி இருக்கும் அறையின் கதவு ஒருதரம் திறந்து மூடியதைச் சந்திரகாந்தா கேட்டாள். அவனைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

ஹாஜியார் வெளியே ஓடிப்போய்ப் பெரிய இடம் ஒன்றுக்கு ஃபோன் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் தலைவரும் செயலாளரும் வெளியே வந்துவிட்டார்கள். தலைவரின் கோட்டில் ஒரு பொத்தான் குறைந்திருந்தது. அதைப் பற்றி அவர் பிறகு பல கூட்டங்களில் பேசியிருக்கிறார்.

"ஹாஜியார், அவனுக்காகவும் கேளுங்க" என்று சந்திரகாந்தா அவர் முன்னால் போய் நின்றாள். "இன்னொரு ஃபோன் எடுங்க. உங்க வீட்டு வாசல் கூட்டுறேன், காலம் பூரா கூட்டுறேன்."

ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார். "புள்ள, பெரியவங்களுக்கிட்ட ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் கேக்க ஏலும். ரெண்டு பேருன்னு சொல்லிட்டன். மூணுன்னு சொல்ல அந்த நேரம் வாய் வரல்ல."

"அவன் பேரு வாயில வரலையா?"

"நிர்வாக உறுப்பினருன்னு கேட்டன். அவன் நிர்வாகத்துல இல்லையே" என்றார் ஹாஜியார். சொன்னபிறகு அவருக்கே அது கேட்டிருக்கவேண்டும். கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

பகலுக்கு ஃபைல் கொழும்புக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே இருளாண்டியையும் கொண்டுபோனார்கள். பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான் என்று தெரியவந்தது. சந்திரகாந்தா மாதத்துக்கு ஒருதரம் போவாள். வஹகோட்டை வேதக்கோயிலுக்கு ஆள் ஏற்றுகிற வேன்காரர் மனுவேல், முகாம் பார்க்கப் போகிற சனங்களை ஏற்றிப்போவார். கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி. இந்தப் பக்கம் அவள். நடுவில் ஒருவன் கடிகாரத்தோடு. "சாப்பிடுறியா?" என்பாள். "ம்" என்பான். ஒருநாள் ஒரு காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். மற்றக் காது கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நேரம் போய்விடும்.

வருஷம் திரும்பித்தான் விட்டார்கள். குற்றம் எதுவும் இல்லை என்றார்கள். அதைச் சொல்ல ஒரு வருஷம்.

அவன் வந்த கிழமையே பேரவை வரவேற்பு வைத்துவிட்டது. அதற்குள் ஏழாம் பாகம் வந்திருந்தது. ராஜா மரத்தடியிலிருந்து எழுந்து உட்கார்ந்திருந்தார், செத்துப்போகவே இல்லையாம். எதிர்வினைக் குழு கூடி, ஆறாம் பாகம்தான் அத்தனை பாகத்திலும் தலைசிறந்தது, அதை இகழ்ந்தவர்கள் ரசனையற்றவர்கள் என்று தீர்ப்பு வழங்கியிருந்தது. இகழ்ந்தவர்கள் யாரென்று யாரும் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து புதிதாகப் பிரதிகள் வரவழைத்தார்கள்.

இருளாண்டியை நடுவில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் பேசினார். "நம் பேரவைக்காக ஒருவன் சிறை சென்றான் என்று வரலாறு சொல்லும். நானும் சென்றேன்; அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஆனால் இந்தத் தம்பியின் தியாகத்தால்தான் இன்று கண்டியில்கூட நம் பெயர் தெரிகிறது. நாம் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை, நண்பர்களே. உயரத்துக்கு அனுப்பினோம்!"

"தலைவரே, ஒரு கேள்வி" என்று பின்வரிசையிலிருந்து சந்திரகாந்தா எழுந்தாள். "வடக்கு வாசல் இப்ப எந்தப் பக்கம்?"

கொஞ்சமாவது தலை குனியும் என்று எதிர்பார்த்தாள். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையான கேள்வி, சகோதரி! ஏழாம் பாகத்தில் தெளிவாகிவிட்டது. தம்பி வரைந்த இடம்தான் சரி. கொத்தளத்துக்கு வலப்புறம். நான்தான் தவறு. அதை ஏற்றுக்கொள்ளும் துணிவு எனக்கு உண்டு. இதுபற்றி ஒரு வருத்தம் தெரிவிக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில், உரிய முறையில்..."

கைதட்டல். பெருந்தன்மைக்கு.

இருளாண்டியை ஏற்புரைக்கு அழைத்தார்கள். அவன் எழுந்து கேட்கிற காதைச் சபைப் பக்கம் திருப்பினான். "அண்ணே, ராஜா செத்தார்னு நினைச்சீங்களா, இல்ல படுத்திருக்கார்னா?" என்று முன்வரிசையில் ஒரு புதுப் பையன் ஆசையாகக் கேட்டான்.

"தெரியலைங்க" என்றான் இருளாண்டி. "நாங்க இருந்த எடத்துல படுத்தவங்கள்ல யாரு செத்தாங்கன்னு காலையில தட்டித்தான் பார்ப்பாங்க."

இதற்குக் கைதட்டுவதா, கண் கலங்குவதா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் எதிர்வினைக் குழுவைத் திரும்பிப் பார்த்தார்கள். குழு தலைவரைப் பார்த்தது. சந்திரகாந்தா மேடைக்கு ஏறினாள். தம்பியின் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து, நாலாக மடித்து, தலைவரின் மடியில் வைத்தாள்.

"ராஜாவுக்குப் போத்திவிடுங்க. வெளியில படுத்துப் பழகினவரு, குளிரும்."

பிறகு தம்பியின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். அந்தப் படியில் அவள் மறுபடி ஏறவில்லை.

தலைவர் சுந்தரலிங்கம் கண்டிக்கு மாற்றலாகிப் போய், அங்கே மாகாண மட்டத்தில் பேரவையை விரித்திருப்பதாகக் கேள்வி. யஹ்யா ஸக்கியாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். "தீர்மானம் போட்டா என்னையும் அழிச்சிடுவார், வாணாம் வாப்பா" என்றாளாம். அவள் அக்குறணைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மாப்பிள்ளைக்கு மிளகு வியாபாரம். யஹ்யா பிறகு கட்டார் போனான், இன்னும் கல்யாணமில்லை. சந்திரகாந்தாவை வேன்காரர் மனுவேல் முடித்தார். மதம் வேறு என்று தோட்டத்தில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். முகாம் வாசலில் அவளோடு சேர்ந்து காத்துநின்றது அந்த முணுமுணுத்தவர்களில் யார் என்று அவள் கேட்டபிறகு ஓய்ந்துவிட்டது. இப்போது வஹகோட்டையில் இருக்கிறாள்.

இருளாண்டி முகாமில் தனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவனுடைய தங்கையைக் கட்டினான். ராத்திரியெல்லாம் அவன் தங்கையைப் பற்றியே பேசுவானாம். கேட்டுக் கேட்டே பழகிய பெண். வவுனியாவில் தாலி கட்டி, அங்கேயே ஒரு போர்டு எழுதுகிற கடை போட்டுக்கொண்டான். மாதத்துக்கு ஒருதரம் புருஷனும் பெண்சாதியும் சோறு கட்டிக்கொண்டு தெற்கே பஸ் ஏறுகிறார்கள். மச்சானை இன்னும் விடவில்லை.